கரையைக் கடந்த பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு இளஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மஸ்கட்டில் நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

போனில் புயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இன்று ஹோட்டல் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மாஸ்டர் கடலூர்க்காரர். “அதான் கரையைக் கடந்துடுச்சே, இன்னும் என்னாடா பாக்கற?” என்று சிரித்தார்.

“உங்க ஊருக்கு முடிஞ்சிடுச்சி மாஸ்டர். எங்க கீழ்பென்னாத்தூருக்கு இனிமேதான் மழை” என்றேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

விதைக்கு வைத்திருக்கும் மல்லாட்டை மூட்டைகளை ஆள் வைத்துப் பரண்மேல் ஏற்று. ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தால், மூட்டையைப் பார்க்காமல் வேங்கிக்கால் அத்தை வீட்டுக்குப் போய்விடு. போனுக்குச் சார்ஜ் போட்டு வை.

மாஸ்டர் கூப்பிடுகிறார். காலையில் வாட்ஸாப்பில் அனுப்பியதற்கே இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. நீ பதில்கூட எழுத வேண்டாம் அம்மா, இரண்டாவது டிக் விழுந்தால் போதும்.

இளஞ்செழியன்