காலி என்றால் நோயில்லை

2025 ஜூன் 12, வியாழன். காலை 9.40. எக்ஸ்ரே 1,312.

திருவொற்றியூர் காசநோய் முகாமில் எடுத்த அத்தனை படமும் என் லேப்டாப்பில். ரேச்சல் மேடம் சட்டப் பேராசிரியர், மருத்துவத்தில் ஏ.ஐ.க்கு என்ன விதி வேண்டும் என்று 27ஆம் தேதி அரசுக் குழுவிடம் சொல்லப் போகிறார். படம் பார்த்து முடிவு சொல்லும் மென்பொருளைக் குடைவது என் வேலை. சட்டக்காரர்களோடு என்றால் கொட்டாவிதான் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை!

ஜூன் 14

209 படங்களைப் 'படிக்க முடியவில்லை' என்று உள்ளே பதிவு. வெளியே கொடுத்த சீட்டில்? 'நோய்க்குறி இல்லை'! முடிவு காலியாக இருந்தால் அதையே அச்சடிக்கிறது. எவன்டா எழுதினான் இதை? 209 பேரும் பெண்கள். ஏன்?

ஜூன் 16

பொறுக்கவில்லை. பட்டியலில் இருந்த பூவம்மாவைத் தேடி விம்கோ நகர் போனேன். மீன் கம்பெனி வேலை. பேச்சுக்குப் பேச்சு இருமல்.

"தாலிய கய்ட்ட சொன்னாங்கோ. கய்ட்டுவனா? முதுகாண்ட தள்ளி வுட்டுகினேன்."

அதுதான்! எக்ஸ்ரேக்கு முதுகு ஏது, மார்பு ஏது? நெஞ்சு நடுவே தாலியின் குண்டும் காசும் விழுந்து, மென்பொருள் கைவிட்டிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன்!

"ஒண்ணும் இல்லன்னு சீட்டு கீது நைனா. இன்னாத்துக்கு பயமுறுத்துற?"



ஜூன் 17

மேடத்திடம் செம திட்டு. "ஆய்வுக்குக் குடுத்த பேரை வச்சுக்கிட்டு வீட்டுக்கே போவீங்களா? யார் அனுமதி?" தப்புதான். மென்பொருளில் மூன்று வரி நிரல், சரிசெய்துவிடலாம் என்றேன்.

"நாளைக்கு இன்னொரு கம்பெனி இதையே செய்யும். இந்த 209 பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டியது யார்? அதை எழுதணும்பா, அதுதான் விதி."

சுகாதார அலுவலருக்கு அப்போதே போன் போட்டார். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 23

209 பேரையும் கூப்பிட்டு மறுபடியும் படம். பூவம்மாவுக்கு வலது நுரையீரலில் நிழல். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதி. மருந்து ஆரம்பம். எழுந்து போகும்போது ஒரு போடு: "ஒரு மஞ்ச கவுறு குடுத்திருந்தா அத்த கட்டிகினு தாலிய கய்ட்டிருப்போம். எவனாச்சும் கேட்டானா?"

ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஜூன் 27

குழுவில் ஏற்றுக்கொண்டார்கள்! 'படிக்க முடியாத படம், நோயற்ற படம் அல்ல. மறுபடியும் அழைப்பது முகாம் நடத்துபவரின் கடமை.' மேடத்தின் இரண்டு வரி, வரைவு விதியில் அப்படியே.

நாளை:

1. மறுபடியும் படம் எடுக்க இன்னும் வராத 62 பேர் பட்டியல், செவிலியர் கையில். நான் யார் வீட்டுக்கும் போகக் கூடாது.
2. அடுத்த முகாமுக்கு மஞ்சள் கயிறு, முந்நூறு.
3. இதே மென்பொருள் ஓடிய மற்ற பதினோரு முகாம்களின் பதிவுகளைக் கேட்டு மேடத்தின் கடிதம். எத்தனை காலியோ?