ஐஸ் அறைக்காகச் சொன்னது

2024 ஒக்டோபர் 7, திங்கள்

இன்றும் ஐஸ் லொறி வரவில்லை. சூடை மீன் பெட்டியோடு நாறிப்போனது. கருவாட்டுக்குக்கூட உதவாது. என் மகன் றிஸ்கானின் வாப்பா அதைக் குழி வெட்டித் தாட்டார்.

பின்னேரம் நிறோஜன் வந்தான். அடம்பன் ஊர்ப் பிள்ளை, மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் எது என்றாலும் என் படலையைத்தான் தட்டுவான். மீன் வைக்க ஐஸ் அறை கேட்டு நாங்கள் எழுதியது சரிவராதாம்.

“அக்கா, இந்த வருஷம் வாழ்வாதாரத்துக்கெண்டு தூதரகத்திட்டக் காசில்லை. தீவிரவாதத் தடுப்புக்குத்தான் குடுக்கினம். தூதரகத்து மேடம் வருவா. பொடியன்மார் பிழையான வழியில போயிடுவினமோ எண்டு ஊரில பயமிருக்கெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பார்க்கிறன்.”

ஐஸுக்கும் தீவிரவாதத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். தொழில் இருந்தால் பொடியன்மார் கெட்டுப்போக மாட்டார்களாம். அதுதான் சம்பந்தமாம்.

முன்பு நல்லிணக்கம் என்று வந்தார்கள், தையல் மெஷின் கிடைத்தது. பிறகு காலநிலை மாற்றம் என்றார்கள், மரக்கன்று தந்தார்கள். நாங்கள் அதே ஆட்கள்தான். எங்களுக்கு வைக்கிற பெயர்தான் மாறுகிறது.

ஒக்டோபர் 8

சொல்லமாட்டேன். 2019இல் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு முஸ்லிம்கள் நாங்கள் பட்டது போதாதா? சோதனைக்குப் பயந்து மீன் வெட்டுகிற கத்தியைக்கூட ஒளித்து வைத்தோமே.

ஒக்டோபர் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

மேடம் நல்ல மனுசி. செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு பாயில் இருந்தார். மொழிபெயர்க்க ஒரு பெண்பிள்ளை. உங்கள் ஊர் இளைஞர்களைப் பற்றிக் கவலை உண்டா என்று கேட்டார். ஓம் என்றேன். அதோடு விடுவார் என்று நினைத்தேன். உதாரணம் கேட்கிறார்! பக்கத்தில் இருந்த சங்கத்து றாபியா என் முகத்தைப் பார்க்கிறாள். ஸஜானா பார்க்கிறாள். இருவர் வீட்டிலும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். இன்னொருத்தி பெற்ற பிள்ளையை நான் எப்படிச் சொல்வது? என் வாயில் என் பிள்ளைதான் வந்தான்.

“என்ர மகன் எந்த நேரமும் போனோடதான். என்ன பார்க்கிறான், ஆரோட கதைக்கிறான் எண்டு தெரியாது. பயமாயிருக்கு.”

அவன் பார்ப்பது கிரிக்கெட். எனக்கு அது நன்றாகத் தெரியும். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

நவம்பர் 12

ஐஸ் அறைக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். றிஸ்கானுக்கும் கத்தாரில் ஹோட்டல் வேலை சரிவந்துவிட்டது. விசா கையில். குற்றமொன்றும் இல்லை என்கிற பொலிஸ் றிப்போட் மட்டும் மிச்சம். நல்லது இரண்டும் ஒன்றாக வந்து எனக்குப் பழக்கமில்லை.

டிசம்பர் 3

பொலிஸ் றிப்போட் விசாரணை என்று சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எங்கே படித்தான், எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறான் — எல்லாரிடமும் கேட்பதுதான். பிறகு ஒருவர் ஒரு தாளை விரித்துக் காட்டினார். தூதரகத்தின் பேஸ்புக் பக்கத்தை அச்செடுத்திருக்கிறார்கள். மேடம் என் கையைப் பிடித்திருக்கிற படம். ‘ஒரு தாயின் அச்சம்’ என்று தலைப்பு. கீழே நான் சொன்னது மூன்று மொழியிலும்.

“அம்மாதானே சொல்லியிருக்கிறது? மகன் போன்ல என்ன பார்க்கிறது?”

றிஸ்கான் பக்கத்தில் நிற்கிறான். யா அல்லாஹ். ஐஸ் அறை கிடைக்கச் சொன்ன பொய் ஐயா, அவன் ஒரு வில்லங்கத்துக்கும் போகாத பிள்ளை ஐயா என்று அழுதேன். “அப்ப பொய் சொல்லியா வெளிநாட்டுக் காசு எடுத்தது?” என்று சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “உம்மா, நீங்க என்னை அப்பிடியா நினைச்சீங்க?”

இல்லை மகன், இல்லை. எத்தனை தரம் சொன்னேன். நம்பினானா?

டிசம்பர் 4

அவன் சாப்பிடவில்லை. நானும்தான்.

டிசம்பர் 19

நிறோஜனைப் பிடித்து ஏசினேன். அந்தப் படத்தைப் பேஸ்புக்கிலிருந்து தூக்கச் சொல்லடா என்றேன். “மெயில் போட்டிருக்கிறன் அக்கா. ஆனா நல்ல பதிவெண்டு அவையிட தலைநகரத்தில பாராட்டினவையாம்.” பாராட்டு! முகத்தில் துப்பலாம் போல வந்தது. பிறகு பாவமாகவும் இருந்தது. அவனும் அதில்தான் சோறு தின்கிறான்.

2025 ஜனவரி 9

போனைத் திருப்பித் தந்தார்கள். அதில் ஒன்றுமில்லையாம். றிப்போட் எங்கே என்று கேட்டால், மேலே போயிருக்கிறதாம்.

ஜனவரி 15

விசாவின் தவணை முடிந்தது. கத்தார் வேலை போனது.

ஜனவரி 30

றேடியோவில் சொன்னார்கள், மேடத்தின் நாட்டில் ஆட்சி மாறி, வெளியே கொடுக்கிற காசையெல்லாம் நிறுத்திவிட்டார்களாம். பின்னேரமே நிறோஜன் வந்தான். வேலை போய்விட்டது. “அவையிட முன்னுரிமை மாறிட்டுது அக்கா.” தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் ஐஸ் அறையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு சுவர் நிற்கிறது. கூரை இல்லை.

பெப்ரவரி 18

ஸஜானாவின் போனில் தூதரகத்தின் பேஸ்புக் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். படம் இல்லை. திட்டமும் இல்லை, எங்கள் ஊரின் பெயரும் இல்லை. அப்பாடா என்று இருக்கவேண்டும். இருக்கவில்லை. பொலிஸ் காட்டிய அந்தத் தாள் எங்கேயோ ஒரு கந்தோரில், அலுமாரிக்குள் இருக்கும். அதை யார் அழிப்பது?

மார்ச் 11

றிஸ்கான் நோன்போடு வாப்பாவுக்குத் துணையாகக் கடலுக்குப் போகிறான். போகும்போது போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். அதன் பூட்டையும் எடுத்துவிட்டான். “நீங்க பார்க்கத்தான்” என்றான். என்னோடு கதைப்பது அவ்வளவுதான்.

வாப்பாவுக்குப் போன் பழக்கமில்லை. கடலில் ஒன்று நடந்தால் எதை வைத்துக் கூப்பிடுவார்கள்? நான் அதைத் தொடவே இல்லை. மேசையை மட்டும் சுற்றித் துடைக்கிறேன்.

ஏப்ரல் 22

காற்று. மற்றப் படகெல்லாம் வந்துவிட்டது. மேசையில் அவன் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். மீன் வாங்குகிற பைசர். “றிஸ்கான், எங்கயடா நிக்கிறீங்க? கரையில தேடுறம்.” அவன் போன் என்னிடம் இருக்கிறது தம்பி என்று மட்டும் சொன்னேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். எஞ்சின் பழுதாம். கட்டிப்பிடிக்கப் போனேன். விலகிப் போனான்.

மே 5, திங்கள்

விடியச் சுபஹு தொழுதுவிட்டு நானே கரைக்குப் போனேன். போனுக்குச் சார்ஜ் போட்டு, அவன் பிறந்த திகதியையே பூட்டாகப் போட்டு, பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனேன்.

“இந்தா, கொண்டு போ.”

“பார்த்தீங்களா?”

“இல்லை.”

“பார்க்காம எப்பிடித் தெரியும்?”

“எனக்கு அண்டைக்கும் தெரியும் மகன். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்.”

என்னை நேராகப் பார்த்தான். டிசம்பருக்குப் பிறகு இன்றுதான் பார்த்தான். வாங்கி இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு படகில் ஏறினான்.

வெயில் ஏறியபிறகு என் போன் அடித்தது. அவன்தான். பின்னால் காற்றும் எஞ்சினும் இரைகிறது.

“உம்மா, சூடை நல்லாப் பட்டிருக்கு. ஐஸுக்குச் சொல்லுங்கோ.”

ஓம் மகன், ஓம் என்றேன். கூரையில்லாத ஐஸ் அறையைத் தாண்டி, லொறிக்காரனைப் பிடிக்கச் சந்திக்கு ஓடினேன்.