நேரடி இடம்

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்லத்தான் நினைத்தேன். ஒரே அறை வீட்டில் அப்பா கட்டிலுக்கு எட்டாத மூலை எது, நீயே சொல். பேச்சு போனதிலிருந்து அவருக்குக் காது ரொம்பவே கூர்மையாகிவிட்டது. அதனால்தான் காகிதம்.

இடம் கிடைத்துவிட்டது அக்கா! நேரடி இடம். பள்ளி முடித்த கையோடு ஆறு வருஷ மருத்துவப் படிப்பு. நாற்பது பேரை எடுக்கிறார்கள், நான் முப்பத்தேழாவது. கடிதத்தை நாலு தடவை படித்தேன். மேல்வீட்டுத் தையல்காரம்மாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, "உன் பேருதான்டி"ன்னு உறுதி சொன்னாங்க.

ஆனால் கல்லூரி ரயிலில் பதினோரு மணி நேரத் தொலைவு. அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கவே இன்னும் ஒரு ஆள் வேண்டும். வலது கை சுத்தமாக வரவில்லை. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய கை.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரியில் மூன்று வருஷ உயிர் அறிவியல் பட்டம். அதில் முதல் பத்து பேருக்குள் வந்தால் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களாம். வீட்டிலிருந்தே போய் வரலாம். மூன்றாவது வழி நீ போன வழி, பட்டம் வாங்கிவிட்டு நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வை மூன்று தடவை எழுதிய உன்னிடம் அதைப் பற்றி நான் என்ன சொல்வது.

அப்பாவிடம் கேட்டேன். "போகட்டுமாப்பா?" என்றால் "சரி" என்கிறார். "போகலைப்பா" என்றாலும் "சரி". அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை அதுதானே.

நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இங்கேயும் ஒரு கிளை இருக்கிறது. மாற்றல் கேட்டுப் பார்க்க முடியுமா? ஒரே ஒரு வருஷம். அதற்குள் அப்பா கோல் ஊன்றி நடந்துவிடுவார் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நீ வந்தால் நான் போவேன். முப்பதாம் தேதிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

உன்
வாலு


ஜூன் 18

என் வாலுக்கு,

கடிதம் வந்தபோது கையில் ரத்த மாதிரிக் குழாய்கள். கழற்றிய கையுறையைக்கூடக் குப்பையில் போடாமல் நின்றபடியே படித்தேன். உன்னை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை.

மேனேஜரிடம் கேட்டேன். "அங்க ஆள் நிரம்பி வழியுதும்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்"னு சொல்லிவிட்டார். மறுபடியும் போய்க் கேட்டதற்கும் அதே பதில்தான்.

அதனால் நிதானமாக யோசி. பதினேழு வயதில் தெரியாத ஊரில் ஆறு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை. நேரடியாகச் சேர்ந்து பாதியில் பெட்டி கட்டியவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். பட்டப்படிப்பு என்றால் உனக்கு ஆற அமர மூச்சு விட நேரம் இருக்கும். உடலைப் பற்றிய அடிப்படை எல்லாம் அங்கேயே படிந்துவிடும். முதல் பத்துக்குள் நீ வரமாட்டாயா? எந்த வகுப்பில் நீ மூன்றாவது இடத்துக்குக் கீழே போயிருக்கிறாய்? இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதால் உனக்கு நட்டம் இரண்டே வருஷம்தான். அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

என் விஷயம் விடு. நுழைவுத் தேர்வு ஆசையை நான் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். சோதனைக் குழாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டியே காலம் போகிறது.

முடிவு உன்னுடையது. ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் பட்டப்படிப்பையே எடுப்பேன்.

அப்பாவின் குதிகாலைத் தினமும் பார். சிவந்திருந்தால் தலையணை வை.

அன்புடன்
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் உயிரியல் டீச்சரைப் பார்க்கப் போனேன். அதுதான் தப்பு. "புத்தி கித்தி பிசகிப்போச்சாடி உனக்கு?" என்று ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "அக்கா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கா டீச்சர்" என்றேன். "அப்ப உங்க அக்கா வந்து அப்பாவைப் பாக்கட்டுமே! இது கைல கெடச்ச இடம்டி. அது வெறும் வாய் வார்த்தை. பத்து பேரை எடுப்போம்னு சொல்றவங்க நாளைக்கு எடுக்கமாட்டோம்னா யாரைப் போய்க் கேப்பே?" கிளைக் கூடத்தில் காலி இடம் இல்லை என்று சொன்னேன். அவர் பரீட்சைத் தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்துவிட்டார்.

இங்கே இருக்கிற மருத்துவச் சேர்க்கை அலுவலகத்தில் இடத்தை விட்டுக்கொடுப்பதற்கு என்றே தனியாக ஒரு படிவம் இருக்கிறது. காரணம் என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தார்கள். என் காரணத்துக்கு ஒரு கோடே போதுமாக இருந்தது. "கையெழுத்து போட்டா திரும்ப வராதும்மா. இன்னைக்கே நாப்பத்தொன்னாவது ஆளுக்குப் போன் போயிடும்"னு குமாஸ்தா இரண்டு தடவை சொன்னார். நல்ல மனுஷன். பேனாவை உடனே கொடுக்கவில்லை.

திரும்பும்போது அந்த நாற்பத்தொன்றாவது ஆளை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர்கள் வீட்டில் இந்நேரம் எப்படிக் கத்தியிருப்பார்கள்!

நான் அழவில்லை. பயப்படாதே. நீ சொன்ன மாதிரி இரண்டு வருஷம்தானே.

உன்
வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய உடற்கூறு படப் புத்தகம் வந்தது. இரண்டாம் ஆண்டு பாதி தாண்டிவிட்டது, நான் வகுப்பில் நாலாவது. மூன்றாவது இடத்தில் இருப்பவள் மருந்துக்கடைக்காரர் மகள். மருந்துப் பெயரெல்லாம் அவளுக்குத் தொட்டிலிலேயே பாடம். எப்படியாவது தாண்டிவிடுவேன்.

செய்முறை வகுப்பு இருக்கிற நாளில் தையல்காரம்மா மெஷினைக் கீழே கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்துத் தைக்கிறார். "உங்கப்பா மாதிரி ஒரு ஆம்பளைய நான் பாத்ததில்லடி. என்ன சொன்னாலும் சரிங்கறார்!" என்று அவரே சிரித்துக்கொள்கிறார். அப்பாவும் பாதி முகத்தால் சிரிக்கிறார்.

ஆனால் கோல் ஊன்றி நடக்கவில்லை அக்கா. நவம்பரில் குளியலறையில் விழுந்த பிறகு எழுந்து நிற்கவே பயப்படுகிறார். பிசியோதெரபிஸ்ட்டும் வருவதைக் குறைத்துக்கொண்டார். முதுகில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. நானே கட்டுப் போடுகிறேன்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று உன் மேனேஜர் சொன்னாரே, அந்த அடுத்த வருஷம் வந்து போய்விட்டது. இருபது மாதத்தில் நீ இங்கே இருந்தது மொத்தம் மூன்று நாள். குறை சொல்லவில்லை. கணக்கில் நான் எப்போதும் கெட்டி என்று உனக்குத் தெரியுமே.

உன்
வாலு


செப்டம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பட்டம் முடித்தவர்களை இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் முறை சென்ற ஆண்டு மாணவர்களோடு முடிந்துவிட்டதாம். இரண்டே வாக்கியம். நாங்கள் மூன்றாம் ஆண்டு வந்த பிறகு சொல்கிறார்கள்.

துறைத்தலைவரிடம் போய் நின்றோம். மருந்துக்கடைக்காரர் மகள்தான் பேசினாள். "நாங்க என்னம்மா பண்றது, மேலேர்ந்து வந்த முடிவு. பட்டம்னு ஒண்ணு கைல இருக்கும்ல, வீணாப் போகாது" என்றார். நான் இப்போது வகுப்பில் இரண்டாவது. அவருக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் எதுவும் தோன்றவில்லை. அப்புறம், காலையில் வேலைக்குப் போகலாம், மீதி நேரத்தில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று முடிவு செய்து, உங்கள் கிளைக் கூடத்துக்குப் போனேன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுக்க ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். பொறுப்பாளர் அம்மா விண்ணப்பத்தில் அப்பா பெயரையும் முகவரியையும் பார்த்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அவங்க தங்கச்சியா? உங்க அக்காவுக்காக ரெண்டு மாசம் இங்க ஒரு இடத்தைக் காலியா வெச்சிருந்தோம்மா. உங்க அப்பா விஷயம் தெரிஞ்சு மேனேஜரே சொல்லி அனுப்பினார். அவங்கதான் வரலைன்னுட்டாங்க."

"எப்ப?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். ஜூன் மாசம்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு வரி எழுது அக்கா. நம்பிவிடுவேன்.

வாலு


அக்டோபர் 20

வாலு,

இல்லை என்று எழுத முடியவில்லை.

மூன்று வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அந்த ஜூன் மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எப்ப வேணும்னாலும் போங்கம்மா, அங்க இடம் இருக்கு" என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். ஆகஸ்டில் எனக்கு நாலாவது தடவை நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் போட்டிருந்தேன். ஊருக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த ஜென்மத்தில் எழுத முடியாது என்று பயம். ஆசையை மூட்டை கட்டிவிட்டேன் என்று உனக்கு எழுதியது பொய்.

அது மட்டும் என்றால்கூட மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், பெருமைப்பட்டேன் என்று எழுதினேன் அல்லவா? நின்றபடியே படித்தது நிஜம். பெருமை வரவில்லை. மூன்று தடவை தலைகீழாக நின்றும் எனக்குக் கிடைக்காதது உனக்கு முதல் தபாலிலேயே வந்துவிட்டதே என்றுதான் வந்தது. நீ என்னைத் தாண்டிப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் எழுதிய அத்தனை அறிவுரையும் அந்தப் புழுக்கத்தில் எழுதியது. பாதியில் பெட்டி கட்டியவர்கள் என்று சொன்னேனே, அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.

நாலாவதும் ஐந்தாவதும் போயிற்று. போன வாரம் ஆறாவதன் முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்திருக்கிறது வாலு. நீ விட்டுக்கொடுத்த அதே கல்லூரியில்.

நவம்பர் ஐந்தாம் தேதி சேர வேண்டும். நீ ஒரு வார்த்தை சொல், இதை விட்டுவிட்டு வருகிறேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அடுத்த ஆகஸ்டில் எழுது. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் தேதிக்குள் எழுது.

அக்கா


ஜனவரி 14

வாலு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்காம் தேதி மாலை வரை காத்திருந்தேன். அப்புறம் ரயில் ஏறிவிட்டேன். நீ பதில் எழுதாததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியும்.

விடுதி அறையில் நான்கு பேர். மற்ற மூன்று பேருக்கும் உன் வயதுதான். என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

போன் அடித்தால் தையல்காரம்மா எடுத்து, "அவ வேலைக்குப் போயிருக்கா" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் அதையே சொல்கிறார். அப்பாவின் புண் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது. முதல் தேர்வு ஏப்ரல் ஒன்பதில் தொடங்குகிறது. முடிந்த மறுநாளே வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

அப்பா ஒன்பதாம் தேதி காலையில் போய்விட்டார். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். உங்கள் கிளைக் கூடத்து வேலையில்தான் இருந்தேன், அதனால் அவருடைய ரத்தத்தை நான்தான் எடுத்தேன், முடிவையும் நான்தான் முதலில் பார்த்தேன். எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்கிற அளவுக்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள்.

உனக்கு அன்றைக்குத் தேர்வு என்று கடிதத்தில் இருந்தது. அதனால் சொல்லவில்லை. "இது தப்புடி, பெத்த மக, ஒரு வார்த்தை சொல்லிடு"ன்னு தையல்காரம்மா அழுதார். போனைக் கையில் எடுக்கத்தான் செய்தேன். நீ பாதியில் எழுந்து வந்தால் அந்த இடமும் போகும். இந்த வீட்டிலிருந்து எத்தனை இடம்தான் போவது? இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன்னை வர விடக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபரில் உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். வா என்று எழுதினால் நீ வந்துவிடுவாயோ, வராமல் இருந்துவிடுவாயோ, இரண்டையுமே தாங்க முடியாது என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நீ அந்த ஜூன் மாதம் போகாதே என்கிற மாதிரி எழுதியதும் எனக்குள் எங்கோ ஒரு நிம்மதி வந்தது. தெரியாத ஊர், பதினோரு மணி நேர ரயில், எனக்கும் பயம்தான். முழுப் பழியையும் உன் தலையில் போட முடிந்திருந்தால் இந்நேரம் உன்னைத் திட்டித் தீர்த்து முடித்திருப்பேன்.

நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன வியாழக்கிழமை. படிவம் மேஜைமேல்தான் இருந்தது. வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த வருஷமும் தோன்றும் என்று நினைக்கவில்லை.

பட்டத்தின் கடைசித் தேர்வு போன மாதம் முடிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்கிறேன். வேறு ஊரில் ஒரு கூடத்தில் முழுநேர வேலை. உன் புத்தகங்களையும் அப்பாவின் ஓட்டுநர் சட்டையையும் தையல்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள். என் முகவரியை அவரிடம் கேட்காதே. அவரிடம் நான் கொடுக்கவில்லை.

தேர்வு நன்றாக எழுதியிருப்பாய்.

தங்கை