ஜெனி டீச்சர்

அன்புள்ள அக்கா,

"பேர்தானேயடி, ஜெனி எண்டு வைச்சால் என்ன குறைஞ்சு போகும்? பிடிவாதக்காரி" என்று நேற்றுத் தொலைபேசியில் ஏசினீர்கள். கொரிய மாணவர்களுக்கு வெள்ளைக்காரப் பெயர்தான் பிடிக்கும் என்கிறது நிறுவனம். மறுத்தால் இந்த இணைய ஆங்கில வகுப்பு வேலை போய்விடும். தெரியும்.

இன்று திரையில் என் முகத்தின் கீழ் ‘ஜெனி’ என்றே போட்டிருந்தார்கள். வகுப்பு பார்த்திருக்கவே அதை அழித்துத் தேனுஜா என்று எழுதினேன்.

பாடம், ‘ஸ்டபர்ன்’ என்ற ஆங்கிலச் சொல். விட்டுக்கொடுக்காதவரைக் குறைசொல்ல வரும், பாராட்டாக அரிதாகவே வரும் என்றேன். உதாரணம் கேட்டேன்.

"தேனுஜா டீச்சர் ஸ்டபர்ன்" என்றாள் சியோலில் இருக்கும் மாணவி மின்ஜி.

"குறையா, பாராட்டா?"

"நீங்கள் அழித்த ஜெனியைக் கேட்டால் குறை. எங்களைக் கேட்டால் பாராட்டு."

சரி என்று மதிப்பெண் போட்டேன். நாளையும் அழிப்பேன். வேலை போனால் இங்கே ஹனோவர் நகரிலேயே வேறு தேடுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொன்ன அதே பிடிவாதக்காரி