காலி நாற்காலியில் உட்கார்ந்த கதை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாய்த் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

காலேஜ் நூலகத்தில் புத்தகம் திருப்பி வாங்க மெஷின் வைத்துவிட்டார்கள், என் கவுண்டர் போயிற்று, இனி எனக்கு இங்கே என்ன வேலை, நீ கூப்பிடுகிறபடி உன்னோடு வந்து இருந்துவிடுகிறோம் என்று போன கடிதத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதியிருந்தேனே, அதைக் கிழித்துப் போடு. கவுண்டர் போனதும் என்னை மாடியிலிருக்கிற கருத்தரங்கு அறைக்கு நாற்காலி போட அனுப்பினார்கள். பொருளாதார சாரும் கம்ப்யூட்டர் மேடமும் சேர்ந்து நடத்தும் வகுப்பு அது. உழைப்பைப் பற்றிப் பழைய அறிஞர்கள் என்ன சொன்னார்கள், மெஷின் வந்தால் மனிதர் பாடு என்னவாகும் என்று இரண்டு பேரும் பிள்ளைகள் முன்னாலேயே முட்டிக்கொள்வார்கள், பார்க்க ஜோராயிருக்கும். பதினாறு பேருக்குப் பதினேழு நாற்காலி கேட்பார்கள். எண்ணத் தெரியாத படிப்பாளிகள் என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய வேலையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விடுவது அவர்கள் வழக்கமாம், அது எனக்கு எங்கே தெரியும். புதன்கிழமை தண்ணீர் கேனோடு மூன்று மாடி ஏறினதில் மூச்சு வாங்க, அதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பேச்சு நூலக கவுண்டரைப் பற்றித்தானாம். நான் வேண்டுமென்றே வந்து உட்கார்ந்தேன் என்று நினைத்து மேடம், "உங்க இடம்தாம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். எழுந்து ஓடக் கால் வரவில்லை, ஆனால் வாய் வந்துவிட்டது. மெஷினை நான் குறை சொல்லவில்லை, நாள் கடத்தினால் நான் திட்டுவேன் என்று பயந்து வராமலிருந்த நாலு பிள்ளைகள் இப்போது வருகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் வாங்குகிற புத்தகத்தை எல்லாம் நான் ஒரு உதறு உதறுவேன், ஹால் டிக்கெட் விழும், காதல் கடிதம் விழும், ஹால் டிக்கெட்டைக் கூப்பிட்டுக் கொடுப்பேன், கடிதத்தை ஓசைப்படாமல் கொடுப்பேன், அந்த உதறல் உங்கள் பொருளாதாரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சார் பேனாவை மூடிவிட்டு, "அது எங்க புத்தகத்துல இல்லம்மா" என்றார். பிள்ளைகள் மேஜையைத் தட்டின தட்டில் தண்ணீரெல்லாம் சிந்திற்று, நான்தான் துடைத்தேன்.

இப்போது அந்த வகுப்பில் என்னையே மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பெட்டி கட்டி வைத்திருந்த அப்பா, "இனிமே காப்பி கேட்டா கட்டுரைதான் வரும் போல" என்று முனகிக்கொண்டே எனக்குப் பென்சில் சீவுகிறார். நாங்கள் வராதது உனக்கு வருத்தமாயிருக்கும், எனக்கும்தான். ஆனால் வேலை போனவளாக வந்து உன் வீட்டு மூலையில் உட்கார எனக்கு மனசில்லை கண்ணு. லீவுக்கு வருகிறேன்.

தொட்டதெல்லாம் துலங்கி நீ நன்றாயிருக்க வேண்டும். சேர்க்கைப் படிவம் இத்துடன் இருக்கிறது. கீழே பாதுகாவலர் கையெழுத்து என்று ஒரு கட்டம். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார், நான் பிடுங்கிக்கொண்டேன். உன் ரிப்போர்ட் கார்டில் எல்லாம் பாதி புரியாமலே நான் போட்டேன், இதில் நீ போடு. படிவம் இருபதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே.

உன் அம்மா,
நீ கையெழுத்துப் போட்டால் மாணவியும்கூட.