அம்மாவுக்கு எதிரே ஒரு தட்டுச் சாப்பாடு

அன்பு மகள் ரோஸிக்கு,

அப்பா எழுதுகிறேன். கால்கரியில் நீயும் மாப்பிள்ளை மார்ட்டினும் அந்தப் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே செஸ்டர்ஃபீல்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். வாரம் இரண்டு முறை திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ அழைக்கும்போதெல்லாம் அம்மா என் தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. இப்போது அவள் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்திருப்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அம்மாவின் உடம்பு. கதிர்வீச்சு சிகிச்சை அக்டோபரிலேயே முடிந்தது உனக்குத் தெரியும், தொண்டையில் கட்டி இல்லை என்று போன மாதமும் சொன்னார்கள், அது நல்ல செய்திதான். ஆனால் வயிற்றுக் குழாய் இன்னும் இருக்கிறது. காலையில் ஒரு பை திரவ உணவு, மதியம் ஒரு பை, சாயங்காலம் ஒன்று, ஒவ்வொரு தடவையும் குழாயைக் கழுவ வேண்டும், சிரிஞ்சுகளைக் காய வைக்க வேண்டும், மருந்துகளைப் பொடி செய்து கரைக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான், ஒரு நாளும் இவ்வளவு களைத்ததில்லை கண்ணு. முழங்கால் வேறு மாடிப்படியில் மக்கர் பண்ணுகிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை, யாரிடமாவது சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றுதான். பேச்சுப் பயிற்சிக்கு வரும் நர்ஸ், கெட்டியாக, வழுவழுப்பாக எது இருந்தாலும் அரைக் கரண்டி வாயில் வைத்து விழுங்கிப் பார்க்கலாம் என்று ஜனவரியிலேயே அனுமதி கொடுத்துவிட்டாள். அம்மா தயிரைத் தொட்டுப் பார்த்தாள், துருப்பிடித்த ஆணியை நக்குவது போல இருக்கிறது என்றாள், அதோடு விட்டுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

இனி என் கதை. ஏழு மாதமாக ஒரு கவளம் வாயில் வைக்காதவளுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது சொல். ஆரம்பத்தில் சமையலறையில் நின்றபடி விழுங்கினேன், பிறகு வாணலிச் சத்தம் அவளுக்குக் கேட்குமே என்று அடுப்பையே மூட்டுவதில்லை. கடைசியில் பேக்கரியில் சாசேஜ் ரோல் வாங்கி வந்து கராஜில் காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் காரின் எண்ணெய் அளவு பார்க்கப் போகிறேன் என்பேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை வாய் நிறைய மென்றுகொண்டிருக்கும்போது கார்க் கண்ணாடியில் ஒரு தட்டல். அம்மா வீட்டுச் செருப்போடு நிற்கிறாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவளோ என் சட்டையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். சனிக்கிழமை காலையில்தான், என் பெல்ட்டில் நானே ஆணியால் போட்ட புது ஓட்டைகளை விரலால் எண்ணிக் காட்டிவிட்டு, நாளைக்கு ‘லாடம்’ பப்புக்குப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மேசை சொல்லிவிட்டேன் என்றாள். வேண்டாம் ஐரிஸ் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தக் கரகரத்த குரலில் ஒரே வார்த்தை, போகிறோம் என்று.

போனோம். ஞாயிறு மதியம் லாடம் பப் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாதி ஊர் அங்கேதான். வரிசையில் நிற்கும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா கழுத்தில் அந்த நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள், போன வருடத்து ஐரிஸில் பாதிதான் இருக்கிறாள், பார்த்தவர்கள் பார்த்தார்கள். அங்கே இறைச்சி வெட்டிப் பரிமாறுகிற டெஸ்மண்டை நினைவிருக்கும், அதே தொப்பி, அதே தொப்பை. அவனுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, என் கையில் ஒரே ஒரு சூடான காலித் தட்டைப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, ஒரு தட்டுதானா? மனுசன் கஞ்சனாயிட்டாரா, இல்ல நீ பட்டினி விரதமா?” என்று அம்மாவைச் சீண்டினான். எனக்கு ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. அம்மா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, “என் கடை மூடியிருக்கு டெஸ்மண்ட். எனக்கும் சேர்த்து இவருக்குப் போடு,” என்றாள். அவன் முகம் செத்துவிட்டது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, மாட்டிறைச்சியில் மூன்று துண்டு, பன்றித்தொடையில் இரண்டு, மொறுமொறுப்பான தோல் தனியாக என்று வெட்டி வெட்டி வைத்துக்கொண்டே போனான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தது அவன் காதில் விழவே இல்லை. அப்புறம் நான் அம்மா கைகாட்டியபடி எல்லாம் போட்டுக்கொண்டேன், வாட்டிய உருளைக்கிழங்கு, பட்டாணி, சீஸ் போட்ட காலிஃபிளவர், அதற்கு மேல் கிண்ணம்போல உப்பிய யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாவற்றுக்கும் மேல் கிரேவி.

மேசையில் உட்கார்ந்தோம். முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடு கென் என்றாள். உன் முன்னால் எப்படி என்று கேட்டேன், என் குரலும் அவள் குரல் மாதிரியே உடைந்துவிட்டது. அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மறக்கவில்லை. “எனக்குப் பசியே இல்ல கென். பசி எப்பவோ செத்துப் போச்சு. ஏழு மாசமா நம்ம வீட்டு மேசையில தனியா உக்காந்திருக்கேன் பாரு, அதுதான் தாங்கல. நீ எனக்காக ஒளிஞ்சு ஒளிஞ்சு, என்னையே ஒதுக்கி வச்சிட்ட.” நாற்பத்தேழு வருடம் வாழ்ந்த பெண்டாட்டியை நான் இரக்கப்படுகிறேன் என்ற பேரில் எச்சில் பாத்திரம் மாதிரி தள்ளி வைத்திருக்கிறேன் ரோஸி. எனக்கு அது உறைக்கவே இல்லை.

சாப்பிட்டேன். கண்ணீரும் கிரேவியுமாகத்தான் முதல் வாய் இறங்கியது. எப்படி இருக்கிறது என்று கேட்டாள், சுமார்தான், இறைச்சி கொஞ்சம் கடினம் என்றேன். பொய் சொல்லாதே, ஒழுங்காகச் சொல் என்று அதட்டினாள். சரி என்று சொன்னேன், மாட்டிறைச்சி உதட்டாலேயே பிய்கிறது, உருளைக்கிழங்கு வெளியே ஓடு மாதிரி, உள்ளே மாவு, பட்டாணி வழக்கம்போல வெந்து குழைந்து போயிருக்கிறது. தோலைக் கடிக்கச் சொல்லி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டாள். கடைசியில் தட்டில் கெட்டியாக நின்ற கிரேவியில் டீக்கரண்டி நுனியை நனைத்து, நான் தடுப்பதற்குள் வாயில் வைத்துவிட்டாள். தாடையை மார்போடு சேர்த்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி விழுங்கினாள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை, அப்புறம் இருமல் என்றால் அப்படி ஒரு இருமல், பப்பே அமைதியாகிவிட்டது, டெஸ்மண்ட் கத்தியும் கையுமாக ஓடி வந்துவிட்டான். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, செத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். இருமல் அடங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு “உப்பு” என்றாள். நான் உப்புக் குப்பியை எடுத்து நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டு, டெஸ்மண்டைப் பார்த்து, “கிரேவில உப்பு ஜாஸ்தி,” என்றாள். அவன் இருபது வருஷமா யாரும் அப்படிச் சொன்னதில்லையே என்று முனகிக்கொண்டே திரும்பிப் போனான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்கு ருசி தெரிந்திருக்கிறது.

உடனே ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. மறுநாள் திங்கட்கிழமை வீட்டில் கிரேவி செய்து கொடுத்தேன், மறுபடியும் துரு நாற்றம்தான் என்று தள்ளிவிட்டாள். நேற்றும் அதேதான். குழாய் கோடைக்குள் வெளியே வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் இன்னும் களைத்துத்தான் இருக்கிறேன், ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஆனால் இப்போது மூன்று வேளையும் அடுப்பை மூட்டுகிறேன், அவள் பக்கத்தில் பை தொங்குகிறது, எதிரே என் தட்டு, அவள் என் சமையலைக் கண்ணால் பார்த்தே குறை சொல்கிறாள்.

ஈஸ்டருக்கு வரும்போது நீயும் மார்ட்டினும் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்று போனில் எனக்கு எழுதி அனுப்பினாயே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்படிச் செய்யாதே கண்ணு. பசியோடு வா. அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார், தட்டு நிறையப் போட்டுக்கொள், அவள் கேட்டால் எப்படி இருக்கிறது என்று உள்ளபடி சொல், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். கனமான கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. மாடியில் அவள் எழுந்துவிட்ட சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா கென்