நாள் முழுக்க எங்கேஜ்டு

1999 ஜூலை 12, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி, தூறல். நேற்றுத் துவைத்த துணியே இன்னும் காயவில்லை. அப்பாவுக்கு இருமல்.

மேரி பெங்களூரிலிருந்து கைடு புத்தகப் பக்கங்களை அனுப்ப ஆரம்பித்தாள். அவள் கம்ப்யூட்டரிலிருந்து நேராக என் கம்ப்யூட்டருக்கு, டெலிபோன் லைன் வழியாக. படங்களோடு பெரிய ஃபைல். அது முழுதாக இறங்கினால்தான் நான் டைப்செட்டிங் தொடங்க முடியும். நானும் அவளும் வேலை பார்த்த சேலம் அச்சகம் மூடிய பிறகு எனக்கு வந்த முதல் உருப்படியான வேலை. சனிக்கிழமைக்குள் ஃபைல் கைக்கு வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்ன.

கால்வாசி இறங்கியது, லைன் அறுந்தது. அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. மறுபடி போட்டேன். மறுபடி அறுந்தது. தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

செவ்வாய்

அதே கதை. லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறி இறங்கி, "பனி எறங்கியிருக்குதுங்க. வெயிலடிச்சா செரியாப் போயிருமுங்க" என்றார். வெயிலாம். ஏற்காட்டில், ஜூலையில். டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்று செய்து பார்த்தவை: கம்ப்யூட்டரை லைனோடு சேர்க்கும் மோடத்துக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, சூடாகாமல் இருக்க. ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டியது. சாமி கும்பிட்டது. திட்டியது. எதற்கும் மசியவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், அப்பாவுக்கு இருமல் மருந்து, தேங்காய்.

புதன்

கண்டுபிடித்துவிட்டேன். சே!

மதியம் ஃபைல் பாதியைத் தாண்டியது. மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். டீ போடலாமென்று எழுந்து வந்தால், முன்னறையில் அப்பா ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்கிறார். வீட்டில் ஒரே லைன். அவர் ரிசீவரை எடுத்தால் பின்னறையில் என் ஃபைல் அறுந்துபோகும்.

"ஏனுங்கப்பா, என்னங்க பண்றீங்க?"

"உசுரு இருக்குதான்னு பாத்தேன் கண்ணு. எப்ப எடுத்தாலும் கீய்ன்னு கத்துது. கெட்டுப்போச்சாட்ட இருக்குது."

"நம்மள ஆருங்க கூப்படப் போறாங்க?"

சட்டைப் பொத்தானைத் திருகினார். "வசந்தாவுக்கு நெம்பரு சொல்லி உட்டிருக்கறேன். செல்வங்கிட்ட."

செல்வம் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர். குப்பனூருக்கும் சவாரி போவார். வசந்தா என் தங்கை, கல்யாணமாகிக் குப்பனூரில் இருக்கிறாள். தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாள் என்று, "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கத்தியவர் இதே அப்பாதான். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. இப்போது எனக்குக்கூடச் சொல்லாமல் நம்பர் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

கத்திவிட்டேன். இந்த வேலையும் போனால் அடுப்பு எரிவது எப்படி என்று கேட்டேன். குரல் கீழே ரோடு வரை போயிருக்கும். அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தமில்லாமல் வைத்தார். எனக்கு அலுப்பாக இருக்கிறது, எல்லார் மேலும்.

வியாழன்

அப்பாவின் ஃபோனைக் கழற்றி பீரோ மேல் வைத்துவிட்டேன். ஒயர் நேராக மோடத்துக்கு. காலையில் போட்டது, விளக்கு வைத்த பிறகும் அறுபடவில்லை. ஆமை வேகம்தான், ஆனால் இறங்குகிறது. அப்படியே விட்டுவைக்கச் சொல்லி மேரி திரையில் எழுதினாள்.

அப்பா ஒரு கரண்டி சோறுதான் சாப்பிட்டார். பேசவில்லை. நான் எதற்குப் பேச வேண்டும்?

வெள்ளி

ஃபைல் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. செல்வம் ஜீப்பை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க, உங்க தங்கச்சி நேத்துப் பூராவும் பூத்துல நின்னு அடிச்சுதுங்களாமா. எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டுங்களாமா. 'கூப்படச் சொல்லிப்போட்டு ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டாங்க, இனி மானங்கெட்டுப் போயி அடிக்க மாட்டேன்'னு நொம்ப அழுதுச்சுங்க."

அப்பா உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். அத்தனையும் போச்சு. போகட்டும். ஃபோனை இறக்கி மாட்டி அவர் பக்கத்தில் வைத்தேன். இருட்டும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மணி அடிக்கவில்லை.

மேரிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த வேலை போனதுதான். அழுகை வேறு.

சனி

காலை பஸ், குப்பனூர் ரோடு வழியாக. பாதி வழி நின்றுகொண்டே. மலை இறங்கியதும் புழுக்கம்.

வசந்தா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இளைத்துப் போயிருக்கிறாள்.

"எதுக்கு வந்தே? ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சது பத்தலையாக்கும்?"

"ஆரும் எடுத்து வெக்கல புள்ள. கம்ப்யூட்டர் லைன்ல இருந்துச்சு. நாந்தான் போட்டு உட்டேன்."

"கம்ப்யூட்டர் பேசுச்சா? நாள் பூராவும்? ஆருகூட?"

"பெங்களூர்ல மேரியோட கம்ப்யூட்டர்கூட."

"ஆருகிட்டக்கா கதை உடறே?"

சொல்லச் சொல்ல எனக்கே பொய் போலத்தான் இருந்தது. கையைப் பிடித்து பூத்துக்கு இழுத்துப் போனேன். "நீயே அடி. எங்கேஜ்டா இருந்தா நான் அடுத்த பஸ் ஏறிப் போயர்றேன், இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடித்தாள். மணி ஒரு தடவைகூட முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே அப்பா குரல் கேட்டது.

"வசந்தா?"

"ஆமாங்கப்பா."

அவ்வளவுதான். அப்புறம் அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மீட்டர் ஓடுகிறது. பூத்துக்காரர் என்னைப் பார்க்கிறார். வசந்தா பூத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இரண்டு பேரும் ரிசீவரை வைக்கவே இல்லை.